வெடிக்காத ஊரின் மருமகன்

1

போன சனிக்கிழமை காலை மிஸஸ் ஹார்ட்லி எங்கள் கதவைத் தட்டினார். இந்தத் தெருவின் வாணவேடிக்கைக் கமிட்டிக்குத் தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. கையில் கேக் இருந்தது. இந்த நாட்டில் குப்பை கொட்டிய வருஷங்களில் நான் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கேக்கோடு வந்தால் புகார் சொல்ல வந்திருப்பார், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்க வந்திருப்பார். என்னிடம் மன்னிப்புக் கேட்கும்படி அவர் எதுவும் செய்யவில்லை. ஆகவே அவசர அவசரமாக என் பக்கத்துக் குற்றங்களை நினைத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை கருவாடு வறுத்தோம். வியாழக்கிழமை ஊருக்கு டிரங்க் கால் போட்டபோது, போனே தேவையில்லை என்கிற அளவுக்குக் கத்தினேன்.

"உங்கள் மகள் எங்கள் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்திருந்தாள்" என்றார்.

வாணிக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் அவள் பேசுவதே தந்தி அடிப்பது போலத்தான். அவள் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பேசியிருக்கிறாள் என்றால் அடுத்து வருவது போலீஸ் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"இந்த வருஷம் வாணவேடிக்கையைச் சதுப்புக்குப் பக்கத்தில் வைக்கப்போவதில்லை. ஊருக்கு அந்தப் பக்கம், கால்பந்து மைதானத்துக்கு மாற்றிவிட்டோம். உங்கள் மனைவியின் கிராமத்தைப் பற்றிச் சொன்னாள். தீபாவளிக்குக்கூட ஒருவரும் ஒரு வெடி வெடிப்பதில்லையாமே? தலைமுறை தலைமுறையாகப் பறவைகளுக்காகவாமே? எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நிஜமா அது?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் உங்களுக்கு, நம் நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு, முழுக் கதையும் தெரிய வேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். கொட்டாம்பட்டியிலிருந்து கிழக்கே போகிற மண்ரோட்டில் ஒரு ஊர். அதற்கு மேல் கேட்காதீர்கள். என் மனைவி வீட்டில் எல்லோரும் படிக்கத் தெரிந்தவர்கள்.

2

முதலில் என்னைப் பற்றி. நான் ஆரப்பாளையத்தில் பிறந்தவன். வெடிச்சத்தம் என்றால் எனக்கு உயிர் போய்விடும். சின்ன வயதில் தீபாவளிக்குத் தீபாவளி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் குடியிருந்தேன். மீசை முளைத்த பிறகு அந்த இடைவெளி பத்தவில்லை, ஆனால் பயம் அப்படியே இருந்தது.

இப்போது இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், கடலும் நிலமும் எல்லைத் தகராறை இன்னும் தீர்த்துக்கொள்ளாத ஒரு சிற்றூரில் இருக்கிறேன். பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடும் குமாஸ்தா. நம் ஊரில் பஸ் வந்தால்தான் நேரம். இங்கே நேரம் வந்தால் பஸ் வர வேண்டும். அதற்காக ஒருவனுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் அப்பா கடைசிவரை நம்பவில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்து வேலிக்கு அந்தப் பக்கம் சதுப்பு ஆரம்பமாகிறது. நாணலும் சேறும், நடுநடுவே கண்ணாடித் துண்டு மாதிரி தண்ணீரும். குளிர் தொடங்கினால் வடக்கே பனிக்குத் தப்பிய வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். நாமக்கோழி இங்கேயும் உண்டு. நெற்றியில் பட்டையாக வெள்ளை, உடம்பெல்லாம் கறுப்பு. வந்த புதிதில் அதைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நம்ம ஊர்க்காரன் ஒருவன் விசா இல்லாமலே இங்கே குடும்பம் நடத்துகிறான்.

நவம்பர் ஐந்தைப் பற்றி மட்டும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சுமார் நானூறு வருஷத்துக்கு முன் பாராளுமன்றத்துக்கு வெடி வைக்கப் பார்த்து மாட்டிக்கொண்ட ஒருவனுக்காக, வருஷா வருஷம் அன்று பொம்மை கொளுத்தி வெடி போடுகிறார்கள். பிடிபட்டவனுக்கு இவ்வளவு கொண்டாட்டம். வந்த வருஷம், சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். சதுப்புப் பக்கம் ஒரு இடி. அடுத்த கணம் நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். என் மனைவி சரோஜாவின் காலைப் பிடித்து அவளையும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க இது, வெடி போடுறாங்க. எந்திரிங்க, ரசம் கொட்டுது" என்றாள்.

மேலே வந்து ஜன்னலைப் பார்த்தால், சதுப்பிலிருந்து அத்தனை பறவையும் இருட்டில் எழும்பி, போக இடம் தெரியாமல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கத்துகிறது. என் பயத்துக்கு இவ்வளவு பெரிய கூட்டாளிப் படை இருப்பது அன்றுதான் தெரிந்தது. கைலியோடு குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "ஸ்டாப்! பேர்ட்ஸ்!" என்று ஆரம்பித்து மீதியை மதுரைத் தமிழில் முடித்தேன். கமிட்டிக்காரர்கள் என்னைப் பரிவோடு பார்த்து, சுட்ட உருளைக்கிழங்கு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வருஷா வருஷம் நான் ஓடினேன். வருஷா வருஷம் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

3

ஒரு கோழை எப்படிப் பறவைகளுக்காக ஓடுகிறவன் ஆனான் என்று கேட்பீர்கள். எல்லாம் தலைத்தீபாவளியில் வந்தது.

எழுபதுகளின் ஆரம்பம். ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் மாமனார் வீட்டிலிருந்து அழைப்பு. புது மாப்பிள்ளை என்றால் ஊர் கூடி நின்று பார்க்க, முதல் சரத்தை அவன்தான் கொளுத்த வேண்டும். மூன்று வாரம் தூக்கமில்லாமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மேலூர் தாண்டியதும் பஸ்ஸிலேயே வலது கையில் பெரிதாக ஒரு கட்டுப் போட்டுக்கொண்டேன். சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படிப்பட்டவனுக்கா கழுத்தை நீட்டினோம் என்று அவள் நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை, கட்டு எதற்கு என்றும் அவளிடம் சொல்லவில்லை.

வீட்டில் ஒரே கலவரம். என் மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்துவிட்டார். கட்டைப் பிரித்தால் மானம் போகும் என்று, கையை மார்போடு அணைத்துக்கொண்டு இரவெல்லாம் முனகினேன். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்தது. சத்தத்துக்காகக் காதைக் கெட்டியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊர் கப்சிப்பென்று இருந்தது. பிள்ளைகள் புதுச்சட்டையோடு, வெடிக்குப் பதிலாகச் சீனி மிட்டாயை வாயில் அதக்கிக்கொண்டு, பூனை நடை நடந்தார்கள்.

சரோஜாவின் தம்பி அழகர்சாமிக்கு அப்போது பத்தொன்பது வயது. "வாங்க மச்சான், கம்மாய்க்குப் போவோம். செருப்பைக் கழட்டிருங்க" என்று என் கட்டுப் போடாத கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

கண்மாய்க்குள் நாட்டுக் கருவேல மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. வெளிச்சம் வர வரத்தான் தெரிந்தது, ஒவ்வொரு மரமும் வெள்ளையும் சாம்பலுமாக அசைகிறது. நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், ஓரத்தில் மூட்டை மாதிரி நாலைந்து கூழைக்கடா. எனக்கு அன்று ஒரு பெயரும் தெரியாது. எல்லாம் கொக்கு என்றே நினைத்தேன். அதிகாலைக் குளிரில் எனக்குத் தும்மல் வந்தது. ஆரப்பாளையத்துத் தும்மல்.

அழகர்சாமி என் வாயைப் பொத்திவிட்டான். "மெதுவாத் தும்முங்க மச்சான். உள்ள பிள்ளத்தாச்சி இருக்கு."

"எங்கேப்பா?" என்று சுற்றிப் பார்த்தேன்.

"அம்புட்டும்தான்" என்று மரங்களைக் காட்டினான். "பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்குக. பொண்ணு பிள்ளை பெறக் கெடக்கிற வீட்டுல எவனாச்சும் வெடி போடுவானா?"

"அப்ப இந்த ஊர்ல வெடியே கிடையாதாப்பா?"

"எங்க அய்யா காலத்துலேர்ந்து கெடையாது. கல்யாணக் கொட்டுகூடக் கரைக்கு இந்தப் பக்கம் நின்னுரும்."

அங்கேயே கட்டைப் பிரித்துக் கண்மாயில் கையைக் கழுவினேன். அவன் என் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கரையில் உட்கார்ந்து, பறவைகளுக்குக் கேட்காதபடி வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தான். அன்றிலிருந்து அவன்தான் எனக்கு மாப்ள. உலகத்திலேயே வெடிக்காத ஒரே ஊரில் எனக்குப் பெண் கொடுத்திருக்கிறார்கள் என்றால், என் தாத்தா எங்கேயோ ஏதோ புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

யாரும் அங்கே பாதுகாப்பு, இயற்கை என்றெல்லாம் பேசவில்லை. எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் கரும்பச்சையாக வரும். நத்தைகுத்தி வயலில் நத்தையைப் பொறுக்கும். பதிலுக்கு இவர்கள் சத்தம் போடாமல் இருந்தார்கள். கொடுக்கல் வாங்கல் சுத்தமாக இருந்தது. அடுத்த வருஷம் மார்கழியில் வாணி அந்த வீட்டில்தான் பிறந்தாள். "கம்மாயிலயும் குஞ்சு பொரிச்சிருச்சு, வீட்லயும் பொரிச்சிருச்சு" என்று அழகர்சாமி ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தான். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் அவளுக்குக் காது குத்தினோம். ஒரு வயது முடிவதற்குள் விமானம் ஏறிவிட்டோம்.

4

இங்கே வந்த பிறகு வாணியின் தமிழ் வருஷத்துக்கு ஒரு அங்குலம் தேய்ந்தது. முதலில் உறவுமுறைகள் போயின. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் 'அங்கிள்' என்ற ஒரே மூட்டைக்குள் போனார்கள். பிறகு வினைச்சொற்கள் போயின. பள்ளிக்கூடத்திலிருந்து அவளுடைய சிநேகிதிகள் வந்தால் எங்களைச் சமையலறைக்குள்ளேயே இருக்கச் சொல்லிக் கண்ணால் கெஞ்சுவாள்.

அவள் தமிழில் கேட்ட ஒரே கதை வெடிக்காத ஊர்க் கதைதான். என் கட்டுப் போட்ட கை, மாமாவின் துண்டு, பிள்ளத்தாச்சிப் பறவை. எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் அசதியில் கூழைக்கடாவை விட்டுவிட்டேன். "மூட்டை மாதிரி இருக்குமே, அது எங்க?" என்று எழுந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒரு கண்மாய்தான் எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் வற்றாமல் இருந்தது.

அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதையை நேரில் காட்டிவிட வேண்டும் என்று.

5

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்து பைனாகுலரை வெளியே எடுத்தார்.

"இது எதுக்கு சார்?"

"பறவை பார்க்க."

"என்ன பறவை?"

"நாரை, கொக்கு..."

"கொக்கு பார்க்க லண்டன்லேர்ந்து குழாய் கொண்டாந்தீங்களா?" என்று பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் மாறி மாறி அதில் கூரையைப் பார்த்தார்கள். பிறகு, திரும்பிப் போகும்போது கட்டாயம் கொண்டுபோக வேண்டும் என்று பாஸ்போர்ட்டில் எழுதி முத்திரை குத்தினார்கள். எங்களைப் பற்றிக்கூட அவ்வளவு கண்டிப்பாக எழுதவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் அழகர்சாமி வாடகை அம்பாசிடரோடு ஆரப்பாளையத்துக்கு வந்தான். ஆள் பருத்திருந்தான், மீசை முறுக்கியிருந்தது. வாணியைத் தலைக்குமேல் தூக்கப் பார்த்து, முடியாமல் இறக்கி, "லண்டன் அரிசி கனம் மச்சான்" என்றான். கார் டிக்கி முழுக்க அட்டைப்பெட்டிகள். இடமில்லாமல் ஒன்றை என் மடியில் வைத்தான்.

"என்ன மாப்ள இது?"

"லட்டு மச்சான். ஊருக்குப் பூராம் இந்த வருசம் நம்ம செலவு."

"இம்புட்டுக் கனமா இருக்கே?"

"நெய் லட்டு. கனக்காதா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெடி வாங்காத ஊர், லட்டாவது வாங்கட்டுமே. மேலூர் தாண்டியதும் ஒரு சிகரெட்டை எடுத்தேன். அழகர்சாமி முன்சீட்டிலிருந்து எட்டிப் பிடுங்கி வெளியே எறிந்தான். "வேணாம் மச்சான். லட்டுல வாடை புடிச்சுக்கும்." எவ்வளவு சுத்தமான பையன் என்று நினைத்துக்கொண்டேன். டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது. அதையும் மதுரை வெயில் கணக்கில் எழுதிவிட்டேன்.

கண்மாய்க் கரை வந்தது. அழகர்சாமி தன்னையறியாமல் டிரைவரின் கையைத் தொட்டான். "ஹாரன் அடிச்சுராதண்ணே."

அதை மட்டும் என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

அன்று சாயங்காலம் வாணி கரையில் நின்றாள். மழை முந்திப் பெய்த வருஷம். கண்மாய் நிறைந்து, மரமெல்லாம் கூடு. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "அப்பா, மூட்டை" என்றாள் ரகசியமாக. பிறகு சாப்பிடும்போதும் ரகசியமாகவே பேசினாள். மாமாவிடம் தண்ணீர் கேட்டதுகூடக் கிசுகிசுப்பாகத்தான். அழகர்சாமி தண்ணீரைக் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். பெட்டிக்கடை வாசலில் இருந்தவர்கள் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வெளிநாட்டு மரியாதை என்று நினைத்து நான் வணக்கம் சொன்னேன்.

6

விடிந்தும் விடியாத நேரம். தலையில் எண்ணெய் வழிய மனையில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வெடி கேட்டது.

நான் மாட்டுத் தொழுவத்தில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. பசுவுக்கும் சுவருக்கும் நடுவில், பழைய பீரோ இடுக்கு மாதிரி ஒரு இடம். வெடிச் சத்தம் கண்மாய்ப் பக்கமிருந்து சரம் சரமாக வந்தது. இந்த ஊரில் யார் வெடிப்பார்கள், ஏதோ யுத்தம் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் வாணி எங்கே என்ற நினைப்பு வந்தது.

அவள் கரையில் நின்றாள். புதுப் பாவாடை, ஈரத்தலை. அவளுக்குப் பத்தடி தள்ளி ஊர் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். அழகர்சாமி கையில் ஊதுபத்தி. அவன் காலடியில் நான் மடியில் வைத்துக்கொண்டு வந்த அட்டைப்பெட்டி, வாயைப் பிளந்துகொண்டு.

கருவேல மரங்கள் வேரோடு கிளம்பி மேலே போவது போல இருந்தது. வானம் முழுக்கச் சிறகு. அவை உடனே போய்விடவில்லை. கண்மாயைச் சுற்றிச் சுற்றி வந்தன, கூட்டைப் பார்த்துத் தாழ்ந்து வந்தன. தாழ்ந்து வரும்போதெல்லாம் இன்னொரு சரம் வெடித்தது. கொஞ்ச நேரத்தில் தெற்கே நூல் மாதிரி போய் மறைந்துவிட்டன. சில கூடுகளில் முட்டை இருந்தது. வெயில் ஏறியதும் காகங்கள் வந்தன.

"லட்டாடா அது?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மச்சான், லீவுக்கு வந்தீங்க. லீவை முடிச்சிட்டுப் போங்க."

"பிரசவத்துக்கு வந்த பொண்ணுன்னு எனக்குச் சொன்னவன் நீ."

"பொண்ணுதான். யாரு இல்லங்கிறா?" என்று திரும்பினான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. புகையாகவும் இருக்கலாம். "வர்ற திங்கக்கெழமை ஜீப்புல பெரிய ஆபீசர் வாரார். பறவை இருந்தா சரணாலயம்னு போர்டு வைப்பாங்க. போர்டு வந்தா வேலி வரும். அப்புறம் ஆடு எங்க மேயும்? வயலுக்குக் கரம்பை மண்ணு எங்க அள்ளுறது? மீன் புடிக்க முடியுமா, வெறகு ஒடிக்க முடியுமா? எங்க வீட்டுப் பொண்ணுக்கு எங்களையே வெளிய நிப்பாட்டிக் காவல் போடுவான். நாங்க காத்ததை அவன் வந்து காக்கணுமாக்கும்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிச் சொல்ல? கழுத்துல குழாயை மாட்டிக்கிட்டு வந்து எறங்குறீங்க. ஆபீசருக்கு உளவு பாக்க வந்த ஆளுன்னு ஊரே பேசுது. 'அட இல்லப்பா, எங்க மச்சான் சும்மா பயந்தாங்கொள்ளி, அம்புட்டுத்தான்'னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது.

"திரும்பி வரலேன்னா என்னடா செய்வ?"

"வந்துரும் மச்சான். ரெண்டு நாள் கோவிச்சுக்கிட்டுப் போகும். பொண்ணு தாய் வீட்டை விட்டு எங்க போகும்?"

அதுதான் அவர்கள் கணக்கு. சொந்தக்காரர் என்று அவ்வளவு நிச்சயமாக நம்பினார்கள். அடித்து விரட்டினாலும் சொந்தம் விட்டுப்போகாது என்று. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தத் தைரியம் வந்திருக்காது. அவன் பறவையைப் பறவை என்றுதானே நினைத்திருப்பான்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். "நேத்து ராத்திரி தம்பி சொன்னான்."

"அப்ப ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? கூப்பாடு போட்டிருப்பீங்க. அந்தச் சத்தத்துலயே எல்லாம் பறந்திருக்கும்."

உண்மைதான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. எனக்கு நாமம் போட்டது கோழி இல்லை, என் குடும்பம். மடியில் வெடிப்பெட்டியை வைத்துக்கொண்டு சிகரெட் பற்றவைக்கப் பார்த்தேனே, அதை நினைத்தால் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதுகூடத் திடீரென்று எழுந்து நின்றுவிடுகிறேன். எந்த பஸ்ஸைத் தவறவிட்டாய் என்று பக்கத்து நாற்காலிக்காரன் கேட்கிறான்.

7

திங்கட்கிழமை ஜீப் வரும் நேரத்தில் நான் ஊரில் இல்லை. இருக்க விடவில்லை. "பிள்ளையைத் திருப்பரங்குன்றம் கூட்டிட்டுப் போயி சாமி கும்பிட்டு வாங்க மச்சான்" என்று விடியும் முன்பே அதே அம்பாசிடரில் ஏற்றிவிட்டான். ஏறுமுன் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

கோயில் குளத்துப் படியில் வாணி பொரி வாங்கி மீனுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தீபாவளியிலிருந்து அவள் பைனாகுலரைத் தொடவே இல்லை. மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

"அப்பா" என்றாள் இங்கிலீஷில், "அந்தக் கதை நீங்களா கட்டினதுதானே?"

"இல்லடா. சத்தியமா நடந்தது. உங்க மாமா என் வாயைப் பொத்தினான்..."

"ஓகே" என்றாள்.

அந்த ஓகேயை என்னால் எந்தத் தமிழிலும் உங்களுக்குச் சொல்ல முடியாது. அப்பா பொய் சொல்கிறார், பரவாயில்லை, வயதாகிறது என்று அதற்கு அர்த்தம். மீதிப் பொரியை மொத்தமாகத் தண்ணீரில் கொட்டிவிட்டு எழுந்தாள்.

அந்த ஆபீசர் வந்தார், வெறும் மரங்களைப் பார்த்தார், இளநீர் குடித்தார், போனார். போர்டு வரவில்லை, வேலியும் வரவில்லை. ஊர் ஜெயித்துவிட்டது. பொங்கலுக்கு அழகர்சாமி மேலூர் போய் டிரங்க் கால் போட்டான்.

"வந்துச்சா?" என்று கேட்டேன்.

"நாலு கொக்கு வந்துச்சு மச்சான்."

"கொக்கைக் கேக்கல."

லைனில் கடல் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அடுத்த வருஷமும் அதே கேள்வி, அதே இரைச்சல். போன வியாழக்கிழமை, அதாவது நான் தெருவே கேட்கக் கத்திய அன்று, முன்கூட்டியே சொல்லி அவனை மேலூருக்கு வரவைத்து, நானே கூப்பிட்டுக் கேட்டேன். மழை வந்துவிட்டதாம். கண்மாய் பாதி நிறைந்துவிட்டதாம். மரமெல்லாம் வெறுமனே நிற்கிறதாம்.

"இந்த வருசமாவது வெடிக்காம இருங்கடா" என்றேன்.

"யாருக்காக மச்சான்?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை. "பிள்ளைக வெடிச்சுப் பழகிருச்சுக. இப்ப எதைச் சொல்லி நிப்பாட்ட?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் கத்தினேன்.

8

மிஸஸ் ஹார்ட்லி இன்னும் வாசலில் நிற்கிறார். கேக்கைப் பிடித்த கை வலித்திருக்கும்.

"நிஜமா அது?"

மாடிப்படியின் உச்சியில் வாணி நிற்பது தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜம்தான்" என்றேன். "தலைமுறை தலைமுறையாக."

அவர் சந்தோஷத்தில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கூடவே ஒரு குண்டையும் போட்டார். அடுத்த வருஷம் தீபாவளிக்கு அந்த ஊரைப் பார்க்க வர வேண்டுமாம். கமிட்டியில் நாலு பேர் தயார். விமான டிக்கெட் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கதவை மூடிவிட்டு, கேக்கோடு தரையில் உட்கார்ந்தேன்.

வாணி இறங்கி வந்தாள்.

"ஏண்டி அப்படிச் சொன்ன? நீதான் பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"பின்ன?"

"வெடிச்சாங்கன்னு சொன்னா இவங்களும் வெடிப்பாங்கப்பா" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் தமிழில் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. பிறகு கேக்கின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "மூட்டையையும் சொன்னேன்" என்றாள். ரகசியமாக, கண்மாய்க் கரைக் குரலில்.

ஆகவே மாப்ள, யாருக்காக என்று கேட்டாயே, இதோ ஆள் கிடைத்துவிட்டது. இந்தக் கட்டுரையை உன் அக்கா எப்படியும் உனக்கு அனுப்புவாள். வெள்ளைக்காரக் கிழவிகள் நாலு பேரையும், உன் மருமகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த ஐப்பசியில் வருகிறேன். அவள் உங்களைப் பற்றிச் சொல்லியிருப்பது பச்சைப் பொய். அதை உண்மையாக்க உங்களுக்கு ஒரு வருஷம் இருக்கிறது. பறவை வருவதும் வராததும் அதுகள் இஷ்டம், அதைக் கேட்க நமக்கு வாயில்லை. வெடிக்காமல் இருப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சீனி மிட்டாய் கொடு. பழகியது மறக்கும்.

ஆரப்பாளையத்துக்குக் கார் அனுப்பு. லட்டு வாங்கினால் என் மடியிலேயே வை, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கார் நகருவதற்கு முன், பெட்டியைப் பிரித்து ஒன்றை நீ என் கண் முன்னால் தின்று காட்ட வேண்டும்.